தோற்கத் தெரிந்த தியரி

கேள்வி: தத்துவம், சமூகவியல் என்று ஆளுக்கொரு தியரி சொல்கிறார்களே, எது சரக்கு, எது சவடால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தால் உஷாராகிவிடுங்கள். (நான் விதிவிலக்கு. எனக்குச் சம்பளமே அதற்குத்தான்!) 1919-இல் வியன்னாவில் பின்னாளில் தத்துவவாதியான இளைஞர் கார்ல் பாப்பர், உளவியல் மேதை ஆல்ஃபிரட் ஆட்லரிடம் ஒரு குழந்தையின் கேஸைச் சொன்னார். குழந்தையைப் பார்க்காமலேயே 'தாழ்வு மனப்பான்மை' என்று விளக்கித் தள்ளிவிட்டார் ஆட்லர். எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்றால், ஆயிரம் கேஸ் பார்த்த அனுபவமாம். இதோடு ஆயிரத்தொன்று ஆகிவிட்டதாக்கும் என்று குத்தினார் பாப்பர். ஆட்லர் கணக்கில், குழந்தையைத் தண்ணீரில் தள்ளுகிறவனுக்கும் தாழ்வு மனப்பான்மை, குதித்துக் காப்பாற்றுகிறவனுக்கும் அதே! அப்புறம் எந்த ஆதாரம்தான் அந்தத் தியரியைக் கவிழ்க்கும்?

அதே ஆண்டு மே 29 சூரிய கிரகணம். சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி 1.75 விகலை வளையும் என்று முன்கூட்டியே கணக்குச் சொல்லியிருந்தார் ஐன்ஸ்டைன். கிரகணத்தன்று பார்க்கும்போது வளையாவிட்டால் தியரி அம்பேல். பாப்பரை மயக்கியது அந்தத் துணிச்சல்தான்.

தத்துவத்துக்குக் கிரகணம் ஏது? அங்கே, எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தாய், தீர்த்தாயா என்று தியரியைக் கேட்கச் சொன்னார் பாப்பர். கேட்டுப் பாருங்கள், பல பேர் 'அது அடுத்த வால்யூமில்' என்பார்கள்.