சின்ன ஏர்போட்டும் பெரியப்பாவும்

கேமரன் மலையில் இல்லாதது குறைவு. தேயிலை உண்டு, ஸ்ட்ராபெரி உண்டு, முட்டைக்கோஸ் உண்டு, பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் வரைக்கும் நகராமல் நிற்கும் கார் வரிசையும் உண்டு. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு சொன்ன நாளிலிருந்து வெள்ளைக்காரரும் நம்மவர்களும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். விமான நிலையம் மட்டும் விட்டுப்போயிற்று. மேகத்துக்குள்ளேயே குடியிருந்தாலும் மேகத்துக்கு மேலே பறக்க வேண்டுமென்றால் முதலில் கீழே இறங்கியாக வேண்டும்.

அரசாங்கக் கணக்கில் நாங்கள் பகாங்காரர்கள். பகாங்கின் விமான நிலையம் குவாந்தானில் இருக்கிறது, தீபகற்பத்தின் மறுகரையில், தென் சீனக் கடல் பக்கம். சிங்கப்பூர்க் கல்யாணத்துக்கு அந்த வழியாகப் போனால் நாம் போய்ச் சேருவதற்குள் தாலி கட்டி, பந்தி முடிந்து, இலையும் எடுத்துவிடுவார்கள். ஆகையால் பகாங்காரர்களான நாங்கள் எங்கே பறப்பதானாலும் முதலில் பேராக் மாநிலத்தில்தான் இறங்குகிறோம்.

நெடுங்காலம் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே ஏர்போட்டு சிப்பாங்தான். தானா ராத்தாவிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். அதில் முதல் 60 கிலோமீட்டர் தாப்பா சாலை. அந்தச் சாலையைப் போட்டவர்களுக்கு நேர்க்கோடு என்றால் ஏதோ பகை இருந்திருக்க வேண்டும். பின் இருக்கையில் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் பையைக் காதில் மாட்டிக்கொண்டு, அசாம் போய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, கண்ணை மூடியபடியே வருவார். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்க நிறுத்துகிற லாத்தா இஸ்கந்தர் அருவியில் நாங்களும் நிறுத்துவோம், வேறு காரணத்துக்காக.

மலை இறங்கி, நெடுஞ்சாலை ஏறி, கோலாலம்பூர் நெரிசலைக் கடந்தால் அடுத்த சண்டை தொடங்கும். கே.எல்.ஐ.ஏ. ஒன்றா, டூவா? 1998-இல் திறந்தபோது ஒன்றுதான் இருந்தது. 2014-இல் மலிவு விமானங்களுக்கென்று இன்னொரு பெரிய முனையம் வந்தது. அன்று முதல் காரில் இருக்கும் ஐந்து பேரில் மூன்று பேர் ஒன்று என்பார்கள், இரண்டு பேர் டூ என்பார்கள், டிக்கெட்டை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். டிக்கெட் பெட்டிக்குள் இருக்கும். பெட்டி எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில் இருக்கும்.

இதற்கு மேல் பெரியப்பாவின் சட்டம். விமானம் கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். உள்நாடு, வெளிநாடு என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியுமுன் பெரட்டுக்கு ஆள் நிறுத்திப் பழகியவர். ஆனால் இந்த நாலு மணி நேரம் தோட்டத்தில் பிறந்ததல்ல, கப்பலில் வந்தது. அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரைக்கும் சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று நம் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பலுக்கு வாரக்கணக்கில் துறைமுகத்திலேயே கிடக்க வேண்டும், கையிருப்பும் கரைந்துவிடும். அதனால் முதல் நாளே போய் மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வார்களாம். தாத்தா ஒரு நாள் முன்னால் போனார். பெரியப்பா அதை நாலு மணி நேரமாகக் குறைத்திருக்கிறார். அவர் பார்வையில் அது நவீனம்.

சுபாங் பக்கம் வேலை பார்க்கிற பெரியப்பா மகன்தான் எங்கள் வீட்டில் முதலில் சின்ன ஏர்போட்டுப் பேச்சை எடுத்தது. சிப்பாங் வருமுன் நாட்டின் வாசலாக இருந்தது சுபாங்தான், 1965 முதல் 1998 வரைக்கும். பிறகு பெரிய விமானங்களெல்லாம் இடம் மாறின; காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். விமானங்கள்தான் சுபாங்கில் நின்றன. 2024 ஆகஸ்டில் ஜெட்டும் திரும்பி வந்தது. “காடிய நிறுத்தினேன், நடந்தேன், ஏறினேன், அவ்ளோதான்” என்பான். அவன் சொல்லச் சொல்லப் பெரியப்பாவின் முகம் இறங்கிக்கொண்டே போகும். அவருக்குத் தெரிந்த சுபாங் வேறு. வழியனுப்ப வந்தவர்கள் மேல்மாடியில் நின்று விமானம் புள்ளியாகிற வரைக்கும் கையசைத்த சுபாங் அது. “நடந்தேன், ஏறினேன்னா, யாரு வந்து அனுப்பி வெச்சா?” என்று கேட்பார். மகனிடம் அதற்குப் பதில் இல்லை.

எனக்கு அப்படிப்பட்ட வரலாற்றுச் சுமை இல்லாததால், போன தடவை சிங்கப்பூரில் கல்யாணம் என்றதும் ஈப்போ என்றேன். கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கினால் எல்லாம் சேர்ந்து சுமார் 90 கிலோமீட்டர். சாலை அகலம், வளைவுக்குக் கொஞ்சம் இரக்கமும் உண்டு. சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் பட்டணத்தை ஒட்டியே இருக்கிறது. சிங்கப்பூருக்கு நேரடி விமானம். ஒன்றா டூவா என்ற கேள்வியே கிடையாது, இருப்பது ஒன்றுதான்.

பெரியப்பா யோசித்தார். “சின்ன ஏர்போட்டுல சின்ன பிளேன்தானே நிக்கும்?”

“இல்ல பெரியப்பா. சிப்பாங்குல நிக்கிற அதே ஜெட்டுதான்.”

“ஓடுற ரோடு எவ்ளோ நீளம்?”

“ரெண்டாயிரம் மீட்டரு.”

“சிப்பாங்குல?”

“நாலாயிரம் இருக்கும்.”

“அப்ப பாதிதான். நிக்காம போச்சுன்னா குனோங் ராப்பாட் பசாருக்குள்ள போயிதான் நிக்கும்.”

பெரியம்மா குறுக்கிட்டார். குனோங் ராப்பாட்டில் அவருக்குச் சித்தி முறையில் ஒருவர் இருக்கிறார், பார்த்து ரொம்ப நாளாயிற்று. அந்த ஒரு காரணத்தில் ஈப்போ தீர்மானமாயிற்று. ஓடுபாதையின் நீளத்தை அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

விமானம் பிற்பகலில். நாலு மணி நேரக் கணக்கு, அதற்கு மேல் சாலையில் மண்சரிவு இருந்தால் என்று ஒரு மணி நேரம், டயர் வெடித்தால் என்று இன்னொரு மணி நேரம். மண் சரியவில்லை, டயரும் உழைத்தது. எட்டு மணிக்கெல்லாம் விமான நிலைய வாசலில் நின்றோம். காரிலிருந்து உள்ளே போகிற தூரம் எங்கள் லயத்தில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீட்டுக்குப் போகிற தூரம்தான். பாதுகாவலர் எங்கள் பெட்டிகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். “எந்த விமானம், பாக்சிக்?” என்று பெரியப்பாவிடம் மலாயில் கேட்டார். சொன்னதும் ஒரு கணம் அமைதியாக இருந்துவிட்டு, பக்கத்தில் நல்ல ரொட்டி சானாய் கடை இருப்பதாகச் சொன்னார்.

சின்ன விமான நிலையத்தின் பெருமையே மிச்சமாகிற நேரம்தான். அதை மிச்சமாக வைத்துக்கொள்வது எப்படி என்பது எங்கள் வம்சத்துக்குத் தெரியாது. கல்லுமலை முருகனைப் பார்க்காமல் ஈப்போவைத் தாண்டலாமா? குனோங் செரோவில் சுண்ணாம்புக்கல் மலையடியில் அவன் இருக்கிறான், போனோம். அங்கிருந்து புந்தோங் எவ்வளவு தூரம்? கச்சாங் பூத்தேவுக்கு நாடு முழுக்கப் பேர் போன இடம், கடலையும் பட்டாணியும் முறுக்கும் நம் ஆட்கள் தலைமுறையாக வறுத்தும் பொரித்தும் விற்கிற இடம். சிங்கப்பூருக்கு வெறுங்கையோடு போகலாமா? போனோம். சித்தி முறைக்காரர் வீட்டில் காப்பி. அவர் பக்கத்து வீட்டில் இருந்தவர், விசாரித்துப் பார்த்ததில், பெரியப்பாவோடு ஹாபு பக்கம் ஒரே தோட்டத்தில் இருந்தவரின் மருமகள். அங்கேயும் காப்பி.

பிற்பகலில் விமான நிலையத்துக்குத் திரும்பியபோது எங்களோடு இன்னும் மூன்று கார்கள் வந்தன.

இதைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. சிப்பாங் தூரம் என்பதால் யாரும் வழியனுப்ப வர மாட்டார்கள், வராததற்கு மன்னிப்பும் உண்டு. ஈப்போ கிட்டே. பத்து நிமிடத்தில் வரக்கூடிய இடத்துக்கு வராமல் இருந்தால் அடுத்த கருமாதி வரைக்கும் பேச்சு நிற்காது. சித்தி முறைக்காரர், அவர் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், தோட்டத்துச் சிநேகிதரின் மருமகள், அவருடைய மாமியார், ஆளுக்கொரு பொட்டலம். பயணம் போகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். அந்தக் கூடத்தில் இருந்த நாற்காலிகளில் பாதியில் எங்களவர்கள். மற்றப் பயணிகள் சுவரோரமாக நின்றார்கள். கூட்டமில்லாத ஏர்போட்டு என்று தேடிப்பிடித்து, கூட்டத்தை நாங்களே காரில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறோம்.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய குணம் என்று நினைக்க வேண்டாம். மலேசியத் தமிழரில் பலர் ஊருக்குப் போகச் சென்னைக்குப் பறப்பதில்லை, திருச்சிதான். புதுக்கோட்டைக்கும் நாமக்கல்லுக்கும் தஞ்சாவூருக்கும் பக்கம், சின்ன விமான நிலையம், கூட்டம் கம்மி. இதையே எல்லாரும் எல்லாருக்கும் சொன்னார்கள். உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகமாக நடமாடுகிற ஊராகத் திருச்சி ஆயிற்று. கடைசியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஆண்டுக்கு 44 லட்சம் பேரைத் தாங்குகிற புது முனையமே கட்ட வேண்டியதாயிற்று. 2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தார். அங்கே டிக்கெட் இல்லாதவரை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் நம்மவர்கள் வாசலுக்கு வெளியே வேன் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருவரை அழைத்துப்போகப் பன்னிரண்டு பேர் வந்த வேனில், அந்த ஒருவர் எங்கே உட்காருவார் என்று இறங்கிய பிறகுதான் யோசிப்பார்கள்.

ஈப்போவில் பெட்டி எடை போடும் கட்டம் வந்தது. புந்தோங் உபயத்தில் பெட்டி 23 கிலோ, வரம்பு 20. நிறுவை என்றால் பெரியப்பாவுக்கு மிச்ச விஷயமெல்லாம் மறந்துவிடும். எத்தனையோ வருடம் கொழுந்து நிறுத்தவர். முன்னால் வந்து முள்ளைத் தேடினார். முள் இல்லை, எண் மட்டும் எரிந்தது. முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணிடம் மிக மரியாதையாகக் கேட்டார்: “கூடையக் கழிச்சாச்சாம்மா?”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பெரியப்பா மலாயில் விளக்கினார். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடையின் எடையைக் கழித்துத்தான் கணக்கெழுதுவார்கள். மழை நாளில் ஈரத்துக்கும் கழிவு உண்டு. அப்படியானால் பெட்டியின் எடை மூன்று கிலோ, அதைக் கழித்தால் சாமான் சரியாக 20. நியாயமான வாதம். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பின்னால் யாரும் வரிசையில் இல்லை, அவசரமும் இல்லை. முழு வாதத்தையும் கேட்டாள். அதன் பிறகு மூன்று கிலோவுக்கு வெள்ளி கட்டச் சொன்னாள். சிப்பாங்காக இருந்தால் பின்னால் நிற்பவர்கள் பாதியிலேயே முடித்து வைத்திருப்பார்கள் என்பதைச் சின்ன விமான நிலையத்தின் தரப்பில் நான் குறித்துக்கொண்டேன். பெரியப்பா காசு கட்டவில்லை. பெட்டியைத் திறந்து மூன்று கிலோ முறுக்கை எடுத்து வழியனுப்ப வந்தவர்களுக்கே பங்கு வைத்தார். சுவரோரம் நின்ற மற்றப் பயணிகளுக்கும் ஒரு கைப்பிடி போயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் யாருக்கும் யாரும் அந்நியரில்லை. விமானத்துக்கு வெயிலில் நடந்து போனோம். படியேறுமுன் பெரியப்பா திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ கையசைப்பது மங்கலாகத் தெரிந்தது. எங்களவரா என்று நிச்சயமில்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் இரண்டு கையாலும் வீசினார். இப்போதைய சுபாங்கில் கிடைக்காதது ஈப்போவில் கிடைத்ததாக வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்.

அடுத்த கல்யாணமும் சிங்கப்பூரில்தான். இந்தத் தடவை சுபாங்காரன் புதுத் திட்டத்தோடு வந்தான். சாங்கியில் எதற்கு இறங்க வேண்டும்? ஜொகூரில் செனாய் இருக்கிறது. சின்னது, காலி, டிக்கெட்டும் மலிவு. அங்கே இறங்கிப் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர்.

“பாலத்துல எவ்ளோ நேரம் நிக்கணும்?” என்றேன். வெள்ளிக்கிழமை மாலையில் அந்தப் பாலத்தில் நின்றிருக்கிறேன். ஏர்போட்டு வரிசையில் மிச்சம் பிடித்ததை வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

“அது நம்ம கையில இல்ல” என்றான்.

பெரியப்பா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஈப்போவுக்கு நாலு மணி நேரம், பாலத்துக்கு நாலு, மண்சரிவுக்கு ஒன்று, டயருக்கு ஒன்று. “அப்பன்னா முந்தின நாளே கெளம்பணும்” என்றார். தாத்தாவின் கணக்குக்கே வந்து சேர்ந்துவிட்டதில் அவருக்கு வெளிப்படையான சந்தோஷம்.

“முந்தின நாளு போயி எங்க தங்குறது?” என்று நான் கேட்டு முடிக்கவில்லை, பெரியம்மா போனைக் காதில் வைத்துவிட்டார். மாசாயில் அவருக்கு ஒரு நாத்தனார் முறை இருக்கிறதாம்.