நெத்திலிக்கு யாருடா படியளக்கறது?

வாடா பேராண்டி. ரயிலை விட்டு மணவூர் மண்ணுல கால் வைக்கும்போதே மூஞ்சி தொங்குதே, இன்னா சேதி? பூண்டி ஏரியில ஷட்டரைத் தூக்கிட்டாங்க, தண்ணியெல்லாம் வீணா கடல்ல கலக்குதா? அடடா, பெருந்துக்கம். இப்படி உக்காரு. இந்த நெத்திலிய ஆஞ்சிக்கினே ரெண்டு பேரும் அழுவலாம்.

கட்டைவிரல் நகத்தால தலையக் கிள்ளி இழு, குடலும் கூடவே வந்துடும். நூலாட்டம் கறுப்பா வருது பாரு, அதுதான் அது கடைசியா சாப்பிட்ட சாப்பாடு. கடல்ல இதுக்கு யாரு ஆக்கிப் போட்டாங்க? ஆறுதான். மழையில பாறை கரையும், மண்ணு கரையும், தழைச்சத்து மணிச்சத்தையெல்லாம் அள்ளிக்கினு ஓடும். டயாட்டம்னு கண்ணுக்குத் தெரியாத பாசி ஒண்ணு. அதுக்குக் கண்ணாடி ஓடு. அந்த ஓட்டைக் கட்ட சிலிக்கா வேணும், அதுவும் ஆத்தோடதான் போவுது. பாசியை, கூனியவிடப் பொடிசுங்க திங்கும். அதுங்கள நெத்திலி திங்கும், நெத்திலிய வஞ்சரம் திங்கும், வஞ்சரத்த நீ திம்ப, கிலோ என்னா விலைன்னு ஊருக்கே சொல்லிச் சொல்லி. இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. நான் பகோடா மடிச்ச காகிதத்தையும் படிச்சுட்டுத்தான் தூக்கிப் போடுவேன்.

எகிப்துலயும் உன்னாட்டம் புத்திசாலிங்க இருந்தாங்க. 1964ல அஸ்வான்ல நைல் ஆத்தை மறிச்சாங்க. அதுவரைக்கும் வெள்ளம் வந்தா பின்னாடியே மத்தி கூட்டங்கூட்டமா கரையோரம் வரும். 1962ல 18,000 டன் புடிச்சவங்க, சில வருசத்துல சில நூறு டன்னுக்கு எறங்கிட்டாங்க. கரென்ட்டு வந்துச்சு, வயலுக்குத் தண்ணி வந்துச்சு, இல்லன்னு சொல்லல. மத்தி வரல. அப்புறம் 80கள்ல மீன் திரும்பிச்சு. எப்படிங்கற? வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் போய்க் கலந்து தீனியாச்சுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. ஆத்தை நிறுத்திப்புட்டு சாக்கடையால சோறு போட்டிருக்காங்கடா!

உடனே கூவத்தைக் காட்டி நீ மார் தட்டாத. சத்து மிஞ்சினா பாசி கொழுத்து அழுவி, தண்ணியில மூச்சுக்காத்தே இல்லாமப் பூடும். மிசிசிப்பி ஆறு கலக்கிற எடத்துல கோடைக்குக் கோடை அப்படித்தான் கடல் செத்துக் கெடக்குது.

பூண்டியில மறிச்ச நம்ம கொசத்தலை ஆறு நைலு இல்லதான். ஆனா அது போய்ச் சேர்ற எண்ணூர் கழிமுகத்துல மடவை இருக்கு, எறா இருக்கு. மடவை கடல்ல முட்ட போடும். குஞ்சுங்க வளர்றதுக்கு உப்பும் நல்லதண்ணியும் கலந்த எடந்தான் தேடி வரும். ஆறு உள்ளருந்து உதைக்கலன்னா முகத்துவாரத்தை மணல் மூடிக்கும், பழவேற்காட்டுக்காரனக் கேளு, கதைகதையா சொல்லுவான். 1944ல பூண்டியில தேக்கினதுலருந்து உங்க பட்டணம் குடிச்சது போக மிச்சந்தான் கீழ போவுது. போதலன்னு 1996லருந்து கிருஷ்ணாத் தண்ணி வேற வாங்கிக் குடிக்கிறீங்க. எண்ணூர்ல அனல்மின் நிலையத்துச் சாம்பல வேற ஆத்துக்குச் சீதனமாக் குடுத்தாச்சு. ஐப்பசி கார்த்திகையில நாலு நாள் ஷட்டர் தூக்கினா உனக்கு நெஞ்சு அடைக்குது!

சரி சரி, கை ஓடட்டும், உங்க ஆயா புளி கரைச்சுட்டா. இன்னாடா, மீன் கழுவின தண்ணிய எங்க கொட்டறதா? முருங்க மரத்தடியில ஊத்து. அய்யோ வீணாப் போவுதேன்னு அங்க நின்னு அழுவாத.