முழு இலங்கைக்கும் ஒரே ஒரு கதிரை

சீனன்குடாத் தேத்தண்ணிக் கடையில் தேர்தல் பேச்சு எடுத்தால் முதலில் தீர்வது பிளேன்டீ, அடுத்தது பொறுமை. அன்றைக்கும் அப்படித்தான். திருகோணமலை மாவட்டத்துக்கு நாலே நாலு ஆசனம். அதைத் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எப்படிப் பங்கு வைத்தாலும் யாரோ ஒருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார். விருப்பு வாக்குக் கணக்கில் நாங்கள் மூழ்கியிருந்தபோது மூலையிலிருந்த மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார். ஓய்வுபெற்ற இங்கிலிஷ் வாத்தியார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கதை வெள்ளைக்காரன் காலத்துக்குப் போகாமல் நிற்காது.

"ஒரு காலம் இருந்திச்சு தம்பி. முழு இலங்கைக்கும் ஒரே ஒரு கதிரை. அதுக்கு ஒரு தமிழரும் ஒரு சிங்களவரும் கேட்டாங்க. தமிழர் வெண்டார். சிங்களவரும் போட்ட ஓட்டாலதான் வெண்டார். அப்பிடி ஒற்றுமையா இருந்த நாடு இது."

கடை முழுக்க ஒரு பெருமூச்சு. முதலாளிகூட ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

மாஸ்டர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் உண்மையைப் பாதியில் நிறுத்தினால் அது பொய்யைவிட இனிப்பாக இருக்கும். மீதிப் பாதி கொஞ்சம் கைக்கும். அதை நான் சொல்லவேண்டியதாயிற்று.

வருஷம் 1911. அப்போது இந்தச் சீனன்குடாவில் ரயில் இல்லை; அது திருகோணமலைக்கு வர 1927 ஆகவேண்டும். எண்ணெய்க் குதம் இல்லை, விமானத்தளம் இல்லை, மா ஆலை இல்லை. காடும் கடலும்தான். அந்த நேரத்தில் கொழும்பில் குறூ–மக்கலம் சீர்திருத்தம் என்று ஒன்று வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சோதனைக்காகப் பாடமாக்கி, சோதனை மண்டபத்துக்கு வெளியே கால் வைத்ததும் மறந்துபோகிற அதே சீர்திருத்தம்தான். குறூ லண்டனில் இருந்த அமைச்சர். மக்கலம் இங்கே இருந்த ஆளுநர். ஊருக்குள் கிளம்பியிருந்த இங்கிலிஷ் படித்த கூட்டம் மக்கலத்துக்குக் கண்ணில் விழுந்த தூசி. இருந்தாலும் அவர்கள் விடாமல் நச்சரித்தார்கள். ஜேம்ஸ் பீரிஸ் 1908-இல் லண்டனுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார்: இனவாரி நியமனத்தை விடுங்கள், மக்கள் தெரிந்தெடுக்கட்டும் என்று.

லண்டன் யோசித்தது. யோசித்துவிட்டுச் சட்டநிரூபண சபைக்கு 21 பேர் என்றது. அதில் 11 பேர் அரச உத்தியோகத்தர்கள். ஆக மற்ற 10 பேரும் ஒன்றாகச் சேர்ந்து கையைத் தூக்கினாலும் தோற்பார்கள். இப்படி ஒரு சபையை அமைக்க அசாத்திய மூளை வேண்டும். பேசலாம், கத்தலாம், தண்ணீர் குடிக்கலாம், வெல்ல மட்டும் ஏலாது. அந்த 10 பேரில் ஆறு பேரை ஆளுநரே நியமிப்பார். மீதி நாலுதான் தேர்தல். அந்த நாலில் சில ஆயிரம் வெள்ளைக்காரருக்கு இரண்டு, பறங்கியருக்கு ஒன்று. எஞ்சிய ஒன்று 'படித்த இலங்கையருக்கு'. அந்த வருஷக் குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் சனத்தொகை 41 லட்சம். அவ்வளவு பேருக்கும் தேர்தலில் கிடைத்தது அந்த ஒற்றைக் கதிரைதான்.

அவ்வளவு பேருக்கும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வாக்காளர் இடாப்பில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. ஆண்கள் மட்டும். படித்தவர் என்றால் இங்கிலிஷ் படித்தவர். தொல்காப்பியத்தை முன்னும் பின்னுமாகச் சொல்லும் பண்டிதர் சட்டப்படி படிக்காதவர். பாளி நூல்களைக் கரைத்துக் குடித்த பிக்குவும் படிக்காதவர். குர்ஆனை மனனம் செய்த ஆலிமும் படிக்காதவர். மூன்று இனத்தையும் ஒரே தட்டில் வைத்துத் தள்ளிய வகையில் அந்தச் சட்டத்தில் பாகுபாடே கிடையாது.

இனிக் களத்துக்கு வருவோம். ஒரு பக்கம் பொன்னம்பலம் இராமநாதன். வயது அறுபது. 1879-இலேயே சபையில் தமிழருக்கான நியமன உறுப்பினராகப் போய் உட்கார்ந்தவர். அதற்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் அவருடைய சொந்தத் தாய்மாமன் முத்துக் குமாரசுவாமி. மாமன் எழும்பிய சூடு ஆறுமுன் மருமகன் இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு சொலிசிட்டர் ஜெனரல். அமெரிக்காவுக்கும் போய் அங்குள்ளவர்களுக்கு ஆன்மா பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு வந்தவர். ஆன்மாவுக்குச் சாதியில்லை என்பது எல்லாச் சமயமும் சொல்வது. தேர்தல் தொகுதிக்கு அது பொருந்துமா என்பதுதான் அடுத்த கதை.

மறு பக்கம் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ. லண்டனில் படித்த வைத்தியர். நாட்டின் பெரும் பணக்காரராக இருந்த சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் மருமகன். படிப்பு, பணம், சிங்களம் மூன்றும் கையில். இடாப்பில் பாதிக்கு மேல் சிங்களவர். தமிழர் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். கணக்கு வாத்தியாரைக் கேட்டால் டாக்டர் அப்போதே மாலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பார்.

கணக்கு வாத்தியாருக்குச் சாதி தெரியாது. டாக்டர் கராவ. அவர்களுக்கு மேலே தாங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் கொவிகம. சாராயக் குத்தகையிலும் தோட்டத்திலும் காரீயச் சுரங்கத்திலும் காசு சேர்த்து, பிள்ளைகளைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பி, தங்களைவிடப் பெரிய மாளிகையும் கட்டிவிட்ட கராவப் பணக்காரரைப் பார்த்துப் பழைய முதலியார் குடும்பங்களுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இந்த லட்சணத்தில் நாட்டின் முதல் கதிரையும் அவர்களுக்கா? இனத்தால் தமிழரானாலும் இராமநாதன் வெள்ளாளர், எங்கள் தட்டில் சாப்பிடக்கூடியவர் என்று கொவிகமப் பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். வீட்டுச் சண்டையில் அண்ணனைத் தோற்கடிக்க அடுத்த வீட்டுக்காரனை அழைத்து வந்த கதை.

1911 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. இராமநாதன் 1,645. பெர்னாண்டோ 981. வித்தியாசம் 664. தமிழர் ஒருவர் விடாமல் இராமநாதனுக்கே போட்டிருந்தாலும் 1,645 வராது. நூற்றுக்கணக்கில் சிங்கள வாக்கும் விழுந்திருக்கவேண்டும். ஒற்றுமைதான். யாரைக் கவிழ்ப்பது என்பதில் இருந்த ஒற்றுமை. தேர்தல் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிய ஜேம்ஸ் பீரிஸும் கராவ என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கதை இன்னும் ருசிக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது.

இந்த இடத்தில் கிண்ணியா நானா பணிஸை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, இந்த இராமநாதன்தானே நாங்க தனி இனமில்ல, மதம் மாறின தமிழர்தான் எண்டு எழுதினவர்?"

அவரேதான். 1880-களில். நூற்றுச்சொச்சம் வருஷமாகியும் நானாவுக்கு அந்தக் காயம் நேற்றுப் பட்டதுபோல. 1915-இல் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்து, வெள்ளைக்காரன் படைச் சட்டம் போட்டுச் சிங்களத் தலைவர்களைப் பிடித்து அடைத்தபோது, சபையில் அவர்களுக்காக முழங்கியவரும் இராமநாதன்தான். யுத்தக் காலத்துக் கடலில் கப்பலேறி லண்டன் வரை போய் வாதாடினார். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு, சிங்களப் பிரமுகர்களே வண்டியை இழுத்துப்போனார்கள் என்று சொல்வார்கள். நானாவின் ஆட்கள் அந்த வண்டியில் கை வைத்திருக்கமாட்டார்கள் என்பது என் அனுமானம்.

வண்டியை இழுத்த கை எவ்வளவு நாளைக்கு இழுக்கும்? 1919-இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. முதல் தலைவர் இராமநாதனின் தம்பி அருணாசலம். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று வாக்குறுதி எழுதிக் கொடுத்தவர்களில் நம்முடைய ஜேம்ஸ் பீரிஸும் ஒருவர். 1921 தேர்தல் வந்தது. அருணாசலம் எதிர்பார்த்திருந்த கொழும்பு நகரக் கதிரையில் போய் இருந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? ஜேம்ஸ் பீரிஸ். பத்து வருஷத்துக்கு முன் அண்ணன் கொண்டுபோனதைத் தம்பியிடம் வட்டியோடு வாங்கிக்கொண்டதாக நான் சொன்னால் சரித்திர ஆசிரியர்கள் கோபிப்பார்கள். ஆகவே சொல்லவில்லை. அருணாசலம் கோபித்துக்கொண்டு காங்கிரஸை விட்டு வெளியேறினார். இனி அடிபடச் சாதியோடு மற்றக் காரணமும், அதாவது இனமும், தயார். அதைத்தான் நூறு வருஷமாக அரைத்துக்கொண்டிருக்கிறோம்.

மூவாயிரம் பேருக்குக்கூட ஓட்டில்லாத தேர்தலில் வென்ற இராமநாதனுக்கு, எல்லாருக்கும் ஓட்டு என்ற டொனமூர் யோசனை கடைசிவரை சமிக்கவில்லை. அதை எதிர்த்துக்கொண்டே 1930-இல் கண்ணை மூடினார். 1931-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும், படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஓட்டு வந்தது.

கதை முடிந்ததும் கடையில் ஒரு அமைதி. பெருமூச்சைத் திருப்பி உள்ளே இழுக்க எல்லாரும் முயல்வது தெரிந்தது.

முதலாளிதான் கலைத்தார். "அப்ப 1911-இல எங்கட கடையில ஆருக்கு ஓட்டு இருந்திருக்கும்?"

எண்ணினோம். முதலாளிக்கு இங்கிலிஷ் சீனிப் பைக்கற்றில் அச்சடித்திருக்கிற அளவுதான், தள்ளுபடி. நானா கிண்ணியா மத்ரஸாவில் ஓதியவர், தள்ளுபடி. வாசலில் த்ரீவீலை நிறுத்தியிருந்த சிங்களத் தம்பிக்கு வெள்ளைக்காரிகளிடம் 'பீச், பீச்' என்று கூப்பிடத் தெரியும், அதுவும் காணாது. அப்பம் சுடுகிற அக்கா எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் படித்தவ, கணக்கில் ஒரு சதம் பிழைக்காது, ஆனால் பெண். நான் அப்போது பிறக்கவில்லை என்று ஒதுங்கிக்கொண்டேன்.

"மாஸ்டருக்கு இருந்திருக்கும்" என்றா அக்கா, அப்பத்தாச்சியைச் சுழற்றியபடி.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சால்வையைச் சரிசெய்தார். 41 லட்சத்தில் மூவாயிரத்துக்குள் ஒருவர்! முகத்தில் ஒரு பிரகாசம் வந்து இறங்கியது.

"ஆருக்குப் போட்டிருப்பீங்க மாஸ்டர்?" என்று கேட்டா அக்கா. பிறகு, அப்பத்தைக் கிளப்பி எடுத்துக்கொண்டே, "எதுக்காகப் போட்டிருப்பீங்க?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. ஸ்டேசன் பக்கம் திரும்பிப் பார்த்து, ரயில் வந்திட்டுது போல கிடக்கு என்று எழும்பி நடந்தார்.

அந்த நேரத்தில் சீனன்குடாவுக்கு ரயில் கிடையாது.