மலைக்குத் திரும்பிய அலுமினியம்

அம்பாசடர் காரின் சக்கரத்துக்கு ஒளிவு மறைவு கிடையாது. பள்ளத்தில் விழுந்து ரிம் நெளிந்தால், அடுத்த பர்லாங்கிலேயே ஸ்டியரிங் ஆடி, பின்சீட்டில் தூங்கும் பாட்டி வரைக்கும் எழுப்பிச் சேதி சொல்லிவிடும். எழுபதுகளில் என் மாமா சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு வாடகைக் கார் ஓட்டினார். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் இறங்கி, நான்கு டயரையும் காலால் ஓர் உதை உதைத்துப் பார்ப்பார். சோதனை அவ்வளவுதான். அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் சேர்வராயன் சாமியின் பொறுப்பு.

ரிம் நெளிந்தால் டிங்கர் கடை. டயரைக் கம்பி போட்டு நெம்பிக் கழற்றி, ரிம்மைத் தண்டவாளத் துண்டின்மேல் சாய்த்துச் சம்மட்டியால் நாலு போடு. மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுழலும் சக்கரத்தைப் பார்த்து, “போதும், விடுங்க” என்பார். அதுதான் அன்றைய வீல் அலைன்மெண்ட், பேலன்சிங் எல்லாம். எஃகுத் தகடு வளையுமே தவிரச் சட்டென்று பிளக்காது. போல்ட் ஓட்டையைச் சுற்றி அதுவும் வெடித்ததுண்டு; ஆனால் துருப்பிடித்த கோடாக, ஊரறிய வெடிக்கும். உள்ளே டியூப் இருந்ததால் விளிம்பு கோணினாலும் காற்று நிற்கும். 5.90-15 அளவு டயரின் உயரமான பக்கச்சுவர் பாதி அடியைத் தானே வாங்கிக்கொள்ளும்.

மாமாவின் பேரன் பெங்களூரில் இருக்கிறான். அவன் காரில் கம்பெனி போட்டுத் தந்தது 15 அங்குலச் சக்கரம், 195/65 டயர். அது அவனுக்குச் சின்னதாகத் தெரிந்தது. கழற்றிவிட்டு 17 அங்குல அலாய், 215/45 டயர் மாட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்தான். “மாமா, இது டயமண்ட் கட்” என்றான் என்னிடம். முகம் பார்த்துத் தலை சீவலாம்போல இருந்தது. கணக்குப் போட்டால், ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த ரப்பர் சுமார் 127 மில்லிமீட்டரிலிருந்து 97 ஆகக் குறைந்திருந்தது. மூன்று சென்டிமீட்டர் ரப்பரைக் காசு கொடுத்துக் கழித்திருக்கிறான். இந்த மலையிலோ மழைக்கு மழை கல் உருண்டு பாதைக்கு வரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண்ணே சரிந்து வந்தது.

தினமும் காலையில் இடது முன்சக்கரத்தில் மட்டும் காற்று குறைந்தது. “ஏற்காட்டுக் குளிருக்குக் காத்து சுருங்குது மாமா” என்று விஞ்ஞானம் பேசினான். விஞ்ஞானம் சரிதான். ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். மலையேறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் ஒன்றிரண்டு ஏறவும் செய்யும். ஆனால் குளிருக்கு இடது, வலது தெரியாது. குளிர்ந்தால் நான்கும் சேர்ந்துதான் இறங்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். சமவெளியில் வேகம் கூட்டும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் வந்ததையும் அவன் ரோட்டின் கணக்கில் எழுதியிருந்தான்.

பஞ்சர் கடைக்காரர் ஆணியைத் தேடினார், இல்லை. வால்வில் எச்சில் வைத்துப் பார்த்தார், அதுவும் சுத்தம். பிறகு சக்கரத்தைக் குப்புறக் கவிழ்த்தார். காருக்கு அடியில் படுத்தாலன்றி யாரும் பார்க்காத அந்த உட்பக்கத்தைத் துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரை விட்டார். உள் விளிம்பில் தலைமுடி கிடப்பதுபோல ஒரு கோடு. அதிலிருந்து வரிசையாக நுரை. “தம்பி, அலாய் கிராக்.” வெளியே டயமண்ட் கட் அப்போதும் ஜொலித்துக்கொண்டிருந்தது.

இதில் எனக்கொரு வேடிக்கை உண்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையுச்சிகளின் செம்மண்ணில் பாக்சைட் கிடந்தது. 1960இல் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965 முதல் மேட்டூரில் அலுமினியம் உருக்கியது. அதற்குத் தீனி இந்த மலையும் கொல்லிமலையும்தான். ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் நான்கு டன் பாக்சைட் வேண்டும். ஆக, பத்துக் கிலோ சக்கரத்துக்கு நாற்பது கிலோ மலை. 2008 கடைசியில் உருக்காலை நின்றுவிட்டது. இவன் சக்கரம் எந்த தேசத்து மலையோ. இருந்தாலும் மண்ணாக இறங்கிய உலோகம் மினுக்கிக்கொண்டு மேலேறி, சொந்த ஊர்க் கல்லிலேயே மோதிப் பிளந்தது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? “டியூப் போட்டு ஓட்டுங்க” என்றார் டீக்கடையில் ஒருவர். காற்று நிற்கும், சரி. விரிசல் அது பாட்டுக்கு வளரும். காட்டிக்கொடுக்கக் கசிவுகூட இருக்காது. சேலத்தில் ஒரு கடையில், ஆர்கான் வெல்டு வைத்து லேத்தில் கடைந்து பெயிண்டும் அடித்தால் பிரம்மாவுக்கே தெரியாது என்றார்கள். அதுதான் எனக்குப் பயம். வார்த்த அலாய் சக்கரத்தை 540 டிகிரி அளவில் சூடாக்கி, தண்ணீரில் அமிழ்த்தி, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துத்தான் அதன் உறுதியை வரவழைக்கிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பக்குவம் கலைந்து உலோகம் இளகிவிடும். ஆரக்காலிலோ போல்ட் ஓட்டையருகிலோ விரிசல் என்றால் பேச்சே இல்லை, காயலான் கடைதான். உள் விளிம்பு விரிசலை ஒட்டித் தருபவர்கள் உண்டு. பெரும்பாலான சக்கரத் தயாரிப்பாளர்கள் அதையும் ஏற்பதில்லை. சமவெளியில் வேண்டுமானால் அவரவர் துணிச்சல். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வண்டியின் பாரமெல்லாம் வெளிப்பக்கச் சக்கரத்தின்மேல் சாயும் மலைப்பாதையில், ஒட்டுப்போட்ட ரிம்மை நம்பிக் குடும்பத்தை ஏற்றுவதை நான் ஒப்பமாட்டேன்.

புதுச் சக்கரம் வரும்வரை ஸ்டெப்னி. டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கினால், அடியில் சாதுவாகப் படுத்திருந்தது கறுப்பு பெயிண்ட் அடித்த எஃகு ரிம். அலாய் போட்டு விற்கும் கார்களிலேயே பலவற்றுக்குக் கம்பெனி தரும் ஸ்டெப்னி இதுதான். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதே என்று அதில் ஸ்டிக்கர் வேறு. கொண்டை ஊசிகளுக்கு நடுவே எங்கே போய் எண்பதைத் தொடுவது?

லேடீஸ் சீட் காட்சிமுனையில் காரை நிறுத்தும்போது முன்னும் பின்னுமாக எடுத்து, இடதுபக்கத்தைச் சுவரோடு ஒட்டினான். செல்போனை என் கையில் கொடுத்து, “மாமா, ரைட் சைடு மட்டும் எடுங்க” என்றான்.