தீர்வு காணப்பட்டது

எங்கள் திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகின்றன. வருஷத்தில் பல மாதம் கூடுவதென்னவோ மணல்தான். நான் சிறுவனாக இருந்தபோது தெருவிளக்கு அணைந்தால் அம்மா வாசலில் நின்று போகிறவரைக் கூப்பிடுவாள்: "கம்பத்துல பல்பு பூடுச்சுப்பா, தலைவராண்ட சொல்லு." தலைவரும் அந்த இருட்டில்தான் நடந்து கோயிலுக்கு வரவேண்டும். மறுநாளே ஏணியோடு ஆள் வந்துவிடும்.

இப்போது இருப்பது மாநகரம். பெயர் வேண்டாம், உங்கள் ஊராகவும் இருக்கலாம். தெருவில் பன்னிரண்டு நாளாக இருட்டு. செயலியில் புகார் கொடுத்தால் படம் கேட்டது. இருட்டைப் படமெடுத்தால் என்ன வரும்? கறுப்பாக ஒரு சதுரம் அனுப்பினேன். நான்காம் நாள் குறுஞ்செய்தி: 'தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது.' டார்ச் அடித்துக் கம்பத்தைப் பார்த்தேன். அப்படியேதான் நின்றது. அலுவலகத்தில் விசாரித்தால், கம்பம் இருப்பது பக்கத்து வார்டாம். வெளிச்சம் மட்டும்தான் எங்கள் வார்டில் விழுமாம்.

கோபம் வந்தால் நான் கல்வெட்டுக்குப் போய்விடுவேன். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை ஆதுலர் சாலை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், பணிப்பெண்கள், மருந்துப் பட்டியல், விளக்கெண்ணெய் முதற்கொண்டு கணக்கு. அதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு: 30 குடும்பு (அந்தக் காலத்து வார்டு), பெயரெழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி ஓலையில் எழுதக் கூடாது. அவன் சொந்தக்காரன் பெயரையும்தான்!

குடியிருப்போர் சங்கத்தில் இதை ஆவேசமாகப் படித்தேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், மேல ஒரு வரி விட்டுட்டீங்க. கால் வேலிக்கு மேல நிலம், சொந்த மனையில வீடு, வேதம் தெரியணும், வயசு முப்பத்தஞ்சுலேர்ந்து எழுபது. நீங்க வாடகை வீடு. எனக்கு எழுபத்தொண்ணு. நம்ம கவுன்சிலரம்மா பேரு குடத்துக்குப் பக்கத்துலகூட போயிருக்காது."

கவுன்சிலரம்மாவுக்கே போன் போட்டோம். ராத்திரி ஏணி வண்டி வந்தது. விளக்கு இப்போது எரிகிறது, பகலிலும். அதற்குத் தனிப் புகார் எண் கொடுத்திருக்கிறார்கள்.