கூலிங் இருக்கா?

அயர்லாந்து ரெட் ஏல் பீரை முறைப்படி சுவைப்பவர்கள் 50க்கு மதிப்பெண் போடுவார்கள். மணத்துக்கு 12, நிறம் நுரைக்கெல்லாம் சேர்த்து வெறும் 3, சுவைக்கு 20. வறுத்த பார்லி துளி சேர்ப்பதால்தான் அந்தச் செம்பு நிறம். கடைசியில் நாக்கில் லேசான வறட்சி வேறு.

தி.நகரில் இந்தச் சடங்கெல்லாம் செல்லாது. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். கிடைப்பது பெரும்பாலும் லாகர். கம்பி இடுக்கில் கை நீட்டுபவர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கூலிங் இருக்கா?" இருந்தால் 50க்கு 50. அதிகம் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும் என்பார்கள் நிபுணர்கள். அடங்கட்டுமே, பல பாட்டில்களுக்கு அதுதான் மரியாதை.

மோந்து பார்த்து, நுரை பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஆட்கள் மயிலாப்பூரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. என்ன, அவர்கள் கையில் இருப்பது டபரா. "டிகாக்‌ஷன் தண்ணி, சிக்கரி தூக்கல். பத்துக்கு மூணு தேறாது!"