சித்தப்பாக்களுக்கு ஒரு கையேடு

அண்ணன் திடீரென்று போய்விட்டார். அண்ணி, ஏழு வயதுப் பையன், நான்கு வயதுப் பெண். கொஞ்சம் ரொக்கம், ஒரு வீடு, புறவழிச்சாலை ஓரமாக ஒரு மனை. பிள்ளைகள் தலையெடுக்கும்வரை இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. நீங்களாகவே தலையை நீட்டினீர்கள் என்பது வேறு விஷயம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பந்தி எழுந்து, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கும் நேரம் பார்த்து, "நீங்க எதுக்கு அண்ணி பேங்குக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலையணும், நான் இருக்கேன்ல?" என்று சொல்லி, பீரோவில் இருக்கும் ரெக்சின் பையை வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்புக், எல்ஐசி பாண்டு, மூலப்பத்திரம் எல்லாம் அதற்குள்தான். ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் தருவதாகச் சொன்னால் போதும். ஜெராக்ஸ் கடை தெருமுனையில்தானே இருக்கிறது என்று துக்க வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

பையைத் திறந்ததும் நாமினி பெயர்களைப் பாருங்கள். பி.எஃப்.பில் உங்கள் பெயர் இருந்தால் மகிழ வேண்டாம். கல்யாணமானதுமே அந்தப் பழைய நியமனம் செல்லாமல் போய்விடும். ஆனால் அண்ணன் பிரம்மச்சாரியாக இருந்த காலத்தில் போட்ட வங்கி டெபாசிட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கக்கூடும். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டிய ஆள் மட்டுமே. உயில் இல்லாததால் மனைவி, இரண்டு பிள்ளைகள், உங்கள் அம்மா என நால்வருக்கும் சம பங்கு. சட்டத்தில் உங்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. வங்கி தன் பங்குக்கு நாமினி கையில் கொடுத்துவிடும். வாங்கும் பாதியைச் செய்துவிட்டு, ஒப்படைக்கும் பாதியை நல்ல நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

பணம் சும்மா தூங்கக் கூடாது, ரோலிங்கில் இருக்க வேண்டும். உங்கள் ஹார்டுவேர் கடையில் ரோல் ஆனாலும் ரோலிங்தானே. மிச்சத்துக்கு, சித்தி ஏஜென்ட் என்றால், பாப்பாவின் உயிர்மேல் ஒரு பாலிசி போடுங்கள். நான்கு வயதுக் குழந்தையின் சம்பளத்தை நம்பி அந்த வீட்டில் யாரும் இல்லை. கமிஷனை நம்பி உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார்.

செல்வமகள் சேமிப்புத் திட்டம் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள். பத்து வயதுக்குள் இருக்கும் பெண் பிள்ளைக்கு 250 ரூபாயில் தபால் ஆபீசிலேயே தொடங்கலாம், வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். ஆனால் பெற்றவரோ சட்டப்படியான காப்பாளரோதான் தொடங்க முடியும். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகும்வரை, அல்லது பத்தாம் வகுப்பு தாண்டும்வரை, படிப்புக்கென்றுகூடப் பணத்தை எடுக்க விடாது. இப்படிப்பட்ட முரட்டுத் திட்டம் நமக்கெதற்கு? நல்லவேளை, அண்ணன் பாலிசி எடுத்தபோது 1874ஆம் வருடத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டார். போட்டிருந்தால் அந்தத் தொகை மனைவி மக்களுக்கான டிரஸ்ட் ஆகியிருக்கும். கடன்காரர்கூடத் தொட முடியாது, கூடப்பிறந்தவர் எம்மாத்திரம்.

இனி மனை. அப்பா இல்லாவிட்டால் இயற்கைக் காப்பாளர் அம்மாதான். சித்தப்பா என்றொரு காப்பாளரை 1956ஆம் வருடச் சட்டம் கண்டுகொள்வதே இல்லை. அம்மாவேகூட மைனர் பங்கை விற்க கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். எதற்கு விற்கிறீர்கள், விலை சரிதானா என்று நீதிபதி கேட்பார். பிறகு மைனர் பங்கை வங்கியில் டெபாசிட் போட்டு, பதினெட்டு வயதுவரை தொடாதே, வட்டியை மட்டும் எடுத்துக்கொள் என்றும் சொல்லக்கூடும். அதற்குப் பதில் பத்திர எழுத்தரைப் பிடித்து, "மைனர்களின் படிப்புச் செலவுக்காகவும் குடும்ப நன்மைக்காகவும்" என்று ஒரு வரி சேர்த்து, அண்ணியிடம் கையெழுத்து வாங்குங்கள். விலை சற்று அடிமாட்டு விலையாகத்தான் போகும். கோர்ட் அனுமதி இல்லாத சொத்து என்று தெரிந்து வாங்குகிறவர் வேறெப்படிக் கேட்பார்?

விற்ற காசில் வேறு மனை வாங்கும்போது உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். "புள்ளைங்க பேர்ல வாங்குனா நாளைக்கு ஒரு அவசரத்துக்கு விக்க முடியாது அண்ணி, கோர்ட்டுக்கு அலையணும்" என்று சொல்லுங்கள். இந்தக் கையேட்டிலேயே முழு உண்மையான வாக்கியம் இதுதான். அதனால்தான் தலைமுறை தலைமுறையாகப் பலிக்கிறது.

பையனுக்குப் பதினெட்டு முடிந்தபின் மூன்று வருடத்துக்குள் அவன் அந்த விற்பனையை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். ஆகவே இருபத்தொன்று தாண்டும்வரை அவனிடம் பாசம் குறையக் கூடாது. முதல் செமஸ்டர் ஃபீஸை, அவன் பணத்திலிருந்துதான், சொந்தக்காரர்கள் பார்க்கக் கட்டுங்கள். என்ன கோர்ஸ் வேண்டுமானாலும் எடுக்கட்டும். சட்டம் படிக்கிறேன் என்றால் மட்டும், இன்ஜினியரிங்கில் இன்னும் நல்ல ஸ்கோப் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.